நீலக் கோட்டில் ஒரு கும்பிடுபூச்சி

மங்கள வார்த்தை ஜெபத்தில் பாதி வந்திருப்பாள் கிளாடெட். சவப்பெட்டியின் முன்னால் போட்டிருந்த பலகையில் முழங்கால் வலிக்க மண்டியிட்டு, சிநேகிதி கான்னியின் ஜெபமாலை சுற்றிய கைகளைப் பார்த்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கண் அந்தக் கைகளிலிருந்து மெல்ல மேலேறி, இறந்தவளின் நீலக் கோட்டு மடிப்பில் போய் நின்றது. உதடு அப்படியே நின்றுவிட்டது. அங்கே ஒரு கும்பிடுபூச்சி உட்கார்ந்திருந்தது.

ஆள்காட்டி விரல் நீளம். பழைய பொன் பூச்சு. வயிறு முழுக்க ஒரே பச்சைக் கண்ணாடிக் கல், உள்ளே சோப்பு நுரை அடைபட்டது போன்ற மங்கல். கடுகு அளவில் இரண்டு சிவப்புக் கண்கள். முதலில் போலி என்றுதான் நினைத்தாள், நினைக்க ஆசைப்பட்டாள். ஃபால் ரிவர் சந்தையில் ஒருத்தன் இப்படித்தான் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஏமாற்றப் பார்த்தான். ஆனால் தலையில் இருந்த இரண்டு உணர்கொம்புகளில் இடது பக்கத்தது ஒரு மயிரிழை குட்டை. இதை உருவாக்கிய ஆடா வெஸ்டர்லிங் வேண்டுமென்றே அப்படிச் செய்வாள். அதைப் போலி செய்கிறவர்கள் யாரும் கவனித்ததில்லை. கிளாடெட் கவனித்திருந்தாள். அதைக் கான்னியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

எழுபது வருஷத்துக்கு முன்னால் பிராவிடன்ஸ் நகரத்தில் பட்டறை வைத்திருந்த அந்த ஆடா வெஸ்டர்லிங் பன்னிரண்டு வகைச் சிற்றுயிர்களை, உடையில் குத்திக்கொள்ளும் ப்ரோச்சாகச் செய்தாள். தேனீ, தும்பி, நத்தை, சில்வண்டு, எட்டுக்கால் பூச்சி என்று போகும் வரிசை. பதினொன்று கிளாடெட்டிடம் இருந்தன. பல் டாக்டர் ஆபீசில் இருபத்தாறு வருஷம் போன் எடுத்துச் சேர்த்த சேகரம் அது. பன்னிரண்டாவது கும்பிடுபூச்சி. அதை மிகக் கொஞ்சமாகத்தான் செய்தாள். பழைய பத்திரிகை விளம்பரம் ஒன்றிலும், யாரோ எடுத்த மங்கலான இரண்டு போட்டோக்களிலும் பார்த்ததோடு சரி. பதினோரு வருஷமாகத் தேடுகிறாள். அந்தப் பதினோரு வருஷமும் அவளுடைய காரின் பக்கத்து இருக்கையில் கான்னி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, முடிச்சிட்டீங்களா?" பின்னால் வரிசையில் நின்ற யாரோ தணிந்த குரலில் கேட்டார்கள்.

கிளாடெட் எழுந்தாள். சிலுவை அடையாளம் போட மறந்துவிட்டது என்பது இரண்டு அடி நடந்த பிறகுதான் உறைத்தது.

கான்னியின் மகள் ரோசான் சுவரோரமாக நின்று வருகிறவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அழுததில் முகம் வீங்கி, அம்மா மாதிரியே ஆகியிருந்தது. கிளாடெட் அவளை அணைத்துக்கொண்டாள். சொல்வதற்கென்று, தன் ஊரான ஊன்சாக்கெட்டிலிருந்து கார் ஓட்டி வரும்போதே நல்ல வார்த்தைகளாக நாலு யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"கோட்டுல... அந்தப் பச்சையா ஒண்ணு..."

"கஸ்ஸா?" ரோசான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எல்லாம் எழுதி வெச்சிருந்தாங்க ஆன்ட்டி. நீலக் கோட்டு, முத்துத் தோடு, கஸ். கஸ் இல்லாம அம்மா எங்க போயிருக்காங்க?"

"கஸ்னா?"

"பூச்சி பேருதான். பசங்க வெச்சது." அதற்குள் அடுத்த ஆள் கையை நீட்டிவிட்டார்.

பெயர் வைத்திருக்கிறார்கள். கிளாடெட் கூடத்தின் பின்வரிசை நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தாள்.  தனக்குள் இருப்பது துக்கமா என்று பார்த்தாள். துக்கமும் இருந்தது. ஆனால் அதன் மேலே ஏறி நின்றது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கான்னி வீட்டு வாசலில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள். கான்னி ஒரு கையில் பிளாஸ்கும் மறு கையில் மிளகு பிஸ்கட் பொட்டலமுமாக, இடுப்பை ஆட்டி ஆட்டி வந்து ஏறுவாள். அவள் சேர்த்தது உப்பு, மிளகுக் குப்பிகள். எது கிடைத்தாலும் வாங்குவாள். ஜோடியில் ஒன்று இல்லாவிட்டாலும் கவலைப்பட மாட்டாள். கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் தவறாமல் சொல்வாள்: "இன்னிக்குக் கெடைச்சிரும்டி. என் முழங்கால் சொல்லுது." பழம்பொருள் சந்தைகளில் பெட்டிப் பெட்டியாகக் கிளறுவார்கள். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பும்போது, கான்னி கிளாடெட்டின் தொடையில் தட்டி, "அடுத்த வாரம் பாப்போம் விடு" என்பாள். போன மாதம் கூடச் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாள்.

பக்கத்து அறையில் காபி வைத்திருந்தார்கள். அங்கே கான்னியின் அண்ணன் டோம் தட்டு நிறைய பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தார். குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயதிலும் நிலவறையிலிருந்து கத்துகிற குரல். கிளாடெட் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"டோம், அந்தப் பூச்சி ப்ரோச் அவகிட்ட எப்போலேர்ந்து இருக்கு?"

டோம் மெல்லுவதை நிறுத்தினார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு இனி மறைத்து என்ன என்பது போலத் தோளைக் குலுக்கினார்.

"நாலு வருஷம் இருக்கும். என் பேத்தி ஞானஸ்நானத்துக்குப் போட்டிருந்தா. அதுக்கு முன்னாடியே இருந்துச்சோ என்னவோ."

"நாலு வருஷமா!"

"கிறிஸ்துமஸ் மீன் விருந்துக்குப் போடுவா. என் பொறந்த நாளுக்குப் போட்டுட்டு வந்தா, கல்யாணம் காட்சின்னா கேக்கவே வேணாம். நீ வர்ற அன்னிக்கு மட்டும் கழட்டி சாக்ஸ் டிராயர்ல போட்டுருவா. எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தா, கிளாடெட் காதுல விழக் கூடாதுன்னு."

"எல்லார்கிட்டயுமா?"

"சின்னதுங்க உட்பட."

கிளாடெட்டுக்குக் காது சுட்டது. இந்த வீட்டு விருந்துகளில் எத்தனை தடவை அந்தப் பூச்சியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசியிருக்கிறாள். அந்தப் பொன் பூச்சு, அந்த நுரை போட்ட கல், கிடைத்தால் கண்ணாடிச் சட்டத்தில் எந்த இடத்தில் வைப்பாள் என்பதெல்லாம் விலாவாரியாகச் சொல்வாள். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். எவ்வளவு பொறுமையான குடும்பம் என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் நினைத்திருக்கிறாள்.

"ஏன் டோம்? நான் அவளுக்கு என்ன பண்ணேன்?"

"அத என்கிட்ட கேட்டா? நான் ஒரு தடவ கேட்டேன். வாய மூடிட்டு சாப்பிடுன்னா." டோம் பிஸ்கட் தூளைத் தட்டினார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இது மட்டும் கெடைச்சிட்டா இந்தச் சனியனையெல்லாம் தல முழுகிட்டு ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்குவேன்னு வருஷம் பூரா சொல்லிட்டிருந்தது யாரு?"

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றது."

"சரி. சும்மா பேச்சு." அவர் காபியை எடுத்து உறிஞ்சினார். "அவ புருஷன் செத்த வருஷம்தானே நீ முதல்ல வந்து ஹாரன் அடிச்ச. கெடைச்சிருந்தா அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்."

சொல்லிவிட்டாள். டோம் தலையை ஆட்டினார், இத்தனை வருஷம் சாப்பாட்டு மேஜையில் ஆட்டியது போலவே. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்திருப்பாள்தானா? சேகரிப்பு முடிந்த பிறகு, ஆறு மணிக்கு, குளிரில், மிளகுக் குப்பி தேட? தெரியவில்லை. இப்படி ஒரு கேள்வியைத் தன் தலையில் கட்டிவிட்டுக் கான்னி அந்தப் பக்கம் சொகுசாகப் படுத்திருக்கிறாள். உயிரோடு இருந்தால் காரை ஓரங்கட்டி நிறுத்தி, "நீ மனுஷியாடி?" என்று கேட்டிருக்கலாம். அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாவது மாதம் யாராவது ஒருத்தி போன் செய்திருப்பாள்.

எழுந்து வெளியே வந்தபோது, இறுதிச்சடங்கு இல்லத்தின் முதலாளி ஃபெரான்டி வாசலில் பூங்கொத்து ஒன்றின் நாடாவைச் சரிசெய்துகொண்டிருந்தார். தான் என்ன கேட்கப்போகிறோம் என்பது கிளாடெட்டுக்கே கேட்டு முடிக்கும்வரை தெரியாது.

"நகைநட்டெல்லாம்... பெட்டிய மூடறதுக்கு முன்னாடி கழட்டிருவீங்களா?"

"குடும்பத்துல சொன்னா கழட்டித் தருவோம்மா. இவங்க விஷயத்துல முத்துத் தோடு மட்டும் மகளுக்குன்னு எழுதியிருக்கு. ப்ரோச் அவங்களோடவே போகுது."

"மண்ணுக்குள்ளயா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? உலகத்துலயே மொத்தம் பதினஞ்சு இருபதுதான் இருக்கும். அத மண்ணுல போட்டு... யாராவது அந்தப் பொண்ணுகிட்ட எடுத்துச் சொல்ல வேணாமா?"

குரல் உயர்ந்துவிட்டது. ஃபெரான்டியின் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பினாள். ரோசான் நின்றுகொண்டிருந்தாள். காற்று வாங்க வெளியே வந்திருப்பாள் போல.

"ஆன்ட்டி," என்றாள் ரோசான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "நீங்க அம்மாவப் பாக்க வந்தீங்களா, பூச்சியப் பாக்க வந்தீங்களா?"

கிளாடெட் வாயைத் திறந்தாள். பத்தொன்பது வருஷச் சிநேகிதம் என்று சொல்ல வேண்டும். கீமோ கொடுத்த நாட்களில் பாதிக்கு மேல் நான்தான் கூட்டிப்போனேன் என்று சொல்ல வேண்டும். என்னை ஏன் எல்லாருமாகச் சேர்ந்து முட்டாளாக்கினீர்கள் என்று கேட்க வேண்டும். அதற்குள் ரோசான் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். கான்னி அதை வாங்கியது எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதே மண்டையைக் குடைந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் என்றால் பெரிய சந்தைகளே ஐந்தாறு இருக்கும். ஒரு நாள் பிரிம்ஃபீல்ட் சந்தையில் மழை பிடித்தது. கான்னி கழிப்பறைக்கு என்று போனவள் முக்கால் மணி நேரம் ஆளைக் காணோம். வந்தபோது கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. "என்னடி வாங்கின?" என்று கேட்டதற்கு, "உள்பாவாடை, காட்டட்டா?" என்றாள். இருவரும் காரே அதிரும்படி சிரித்தார்கள். அன்றைக்குத்தானோ? அன்று வழியெல்லாம் கான்னி அதிகம் பேசவில்லை என்று இப்போது தோன்றியது. பேசினாள் என்றும் தோன்றியது. அந்தப் பைக்குள் உள்பாவாடைதான் இருந்திருக்கலாம். ஒருவேளை அன்று தன் கையில் கொடுப்பதற்குத்தான் வாங்கினாளோ? வழியில் தான் எதையாவது சொல்லித் தொலைத்து, அவள் பையைத் திறக்காமலே இருந்துவிட்டாளோ? எவ்வளவு யோசித்தாலும் மழையும் காரின் கண்ணாடித் துடைப்பானும்தான் நினைவுக்கு வந்தன. தான் என்ன சொன்னோம் என்பது மட்டும் வரவே இல்லை. கையில் அகப்பட்ட தலையணையைச் சுவரில் விட்டெறிந்தாள். அது சத்தமில்லாமல் விழுந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை போகவே கூடாது என்று முடிவு செய்து, எட்டரை மணிக்கு அங்கே போய் நின்றாள். கோயிலுக்கு எடுத்துப்போகும் முன் கடைசியாகப் பார்ப்பவர்கள் பார்த்து முடித்திருந்தார்கள். ஃபெரான்டியின் ஆட்கள் இருவர் மூடியருகே கைகட்டி நின்றார்கள். கிளாடெட் கதவோரமாகவே இருந்துகொண்டாள். ரோசான் அவளைப் பார்த்துவிட்டுச் சுட்டுவிரலை அசைத்துக் கூப்பிட்டாள், வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரியைக் கூப்பிடுவது போல.

"கழட்டிக்குங்க."

"ரோசான், நேத்து நான்..."

"ராத்திரி பூரா யோசிச்சேன் ஆன்ட்டி. இது மண்ணுக்குள்ள போனா, அம்மா கல்லறைக்கு வர்றப்பல்லாம் எனக்கு உங்க மூஞ்சிதான் ஞாபகம் வரும். எனக்கு அது வேண்டாம். எனக்கு அம்மா மட்டும் போதும். எடுத்துக்குங்க."

"அவ எழுதி வெச்சிருக்காளே. அவகூடப் போகணும்னு."

"ஆமா, எழுதி வெச்சாங்க." ரோசான் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிட்டு சிரிச்சாங்க. கிளாடெட் வந்து பாக்கறப்ப அவ மூஞ்சியப் பாரு, எனக்காகப் பாருன்னாங்க. நான் பாத்தேன். எனக்கொண்ணும் சிரிப்பு வரல. சீக்கிரம் எடுங்க, அவங்க காத்திட்டிருக்காங்க."

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று கிளாடெட்டுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கை முந்திக்கொண்டது. கோட்டு மடிப்பின் அடியில் விரலை விட்டுக் கொக்கியைத் தள்ளினாள். அது ஒரே தள்ளில் திறந்தது. ஐம்பது அறுபது வருஷம் பெட்டியில் கிடந்த கொக்கி அப்படித் திறக்காது. தினமும் திறந்து மூடிய கொக்கிதான் அப்படி வழுக்கும். ஊசியை உருவியதும் நீலத் துணியில் இரண்டு துளைகள் தெரிந்தன. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தி, நூல் விலகி, பருப்பு நுழையும் அளவுக்குப் பெருத்துப்போன துளைகள். கிளாடெட் அவற்றைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துவிட்டாள். மூடுமா என்ன.

கான்னியின் முகம் மெழுகு பூசி வழவழவென்று இருந்தது. அதில் குறும்பு இருக்கிறதா, கோபம் இருக்கிறதா என்று குனிந்து தேடினாள். ஃபெரான்டியின் ஆட்கள் செய்திருந்த ஒப்பனை தவிர ஒன்றும் இல்லை.

"சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா," என்றாள், ரோசானுக்குக் கேட்காத குரலில். மூடி இறங்கியது.

உள்ளங்கையில் அது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. நடக்கும்போதுதான் கவனித்தாள், முன்னங்கால்கள் இரண்டும் நடுங்கின. மயிர் போன்ற வில்கம்பி ஒன்றின்மேல் அவற்றைப் பொருத்தியிருந்தாள் ஆடா வெஸ்டர்லிங். அது எந்த போட்டோவிலும் தெரிந்ததில்லை. இத்தனை வருஷம் இதைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் என்று பேசிக்கொண்டிருந்தவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. மீன் விருந்தில் உட்கார்ந்திருந்த சின்னதுகளுக்குக் கூடத் தெரிந்திருந்தது. கைப்பையில் போட்டால் சாவிக்கொத்து கல்லைக் கீறிவிடும். கோட்டுப் பையில் ஓட்டை. வேறு வழி தெரியாமல் கார் நிறுத்துமிடத்தில் நின்று தன் கறுப்புக் கோட்டிலேயே குத்திக்கொண்டாள். வீட்டில் இருக்கும் பதினொன்றில் ஒன்றைக்கூட அவள் ஒரு நாளும் அணிந்ததில்லை. பழக்கமில்லாத கை, ஊசி விரலில் ஏறி ரத்தம் வந்தது.

கல்லறையில் காற்று பலமாக அடித்தது. பாதிரியார் வேகவேகமாகப் படித்துவிட்டு அங்கியைப் பிடித்துக்கொண்டு போனார். ஆளுக்கொரு பூவைப் போட்டுவிட்டுக் கலைய ஆரம்பித்தார்கள். கிளாடெட் யார் கண்ணிலும் படாமல் காருக்குப் போய்விட நினைத்தாள். நாலு அடி வைப்பதற்குள் டோமின் மனைவி அவளை மறித்தாள்.

"அட, கஸ்!" என்றாள். கிளாடெட்டின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பூச்சியின் தலையை ஒரு விரலால் தடவினாள். "ஈஸ்டருக்குச் சாஸ்ல விழுந்துட்டான் இவன். அவளே நாக்கால நக்கி சுத்தம் பண்ணா. நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே..."

அவள் நகர்ந்ததும் யாரென்றே தெரியாத ஒரு மீசைக்காரர் வந்தார், கான்னியின் ஒன்றுவிட்ட தம்பியாம். அவருடைய கல்யாணத்தில் கான்னி விடிய விடிய ஆடியபோது இந்தப் பூச்சி கழன்று பறந்துபோய் மேளக்காரன் மடியில் விழுந்ததாம். அவரும் தொட்டுவிட்டுப் போனார். பிறகு இரண்டு அக்கா தங்கைகள். பிறகு ஒரு மருமகள். காருக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் கூட இந்தச் சின்னக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பூவைக் குழியில் போட நின்ற மாதிரியே இங்கேயும் ஒரு வரிசை தானாக உண்டாகிவிட்டது. யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. எல்லாரும் பூச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்குத் தெரியாத நாலு வருஷம், ஒருவர் விரலிலிருந்து இன்னொருவர் விரலுக்கு, அவள் நெஞ்சுக்கு இரண்டு அங்குலத்துக்கு முன்னால் கைமாறிக்கொண்டிருந்தது. ஏன் என்ற ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியவுமில்லை.

"அவ மேல இன்னும் நல்லா இருந்துச்சு," என்றார் டோம், தன் முறை வந்தபோது. தொடாமல், பைக்குள் கைவிட்டபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

வரிசையின் கடைசியில் ரோசான் நின்றாள். அவள் வரமாட்டாள் என்றுதான் கிளாடெட் நினைத்தாள். வந்தாள்.  கண் மங்கிய தொண்ணூறு வயதுக் கிழவி போல முகத்தை மிக அருகே கொண்டுவந்து பூச்சியைப் பார்த்தாள். கிளாடெட் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். அப்படியும் அந்த இரண்டு பொன் கால்களும் காற்றில் நடுங்கிக்கொண்டே இருந்தன. ரோசான் தன் இரண்டு கைகளையும் குவித்து, தீக்குச்சியை அணையாமல் காப்பது போல, அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.